வட்டா, வட்டுத் துண்டா? லினக்ஸ் குறிப்பில் சொற்களைத் தெளிவாக்குவது எப்படி

அக்காவின் மகனுக்கு டெபியன் (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்று) நிறுவ நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஓரிடத்தில் "டீ வட்டைத் தேர்ந்தெடு", இன்னோரிடத்தில் "வட்டைப் பிரி" என்று இருந்தது. நிறுவும் மென்பொருள் அவனிடம் முழு வட்டையும் எடுக்கவா என்று கேட்டிருக்கிறது, குறிப்பிலும் வட்டு, திரையிலும் வட்டு, அவன் ஓம் என்று கொடுத்துவிட்டான். பின்னேரம் போன் வந்தது: "மாமா, சாமத்திய வீட்டுப் படம் ஒண்டையும் காணேல்லை."

பிழை என்னுடையது. இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லைப் போட்டிருந்தேன்.

ஆகவே குறிப்போ மொழிபெயர்ப்போ எழுதுகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது தமிழ்ச் சொல் தேடுவதல்ல. மூலத்தை ஒருதரம் வாசித்து, எந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் நாங்கள் டீ டிரைவ் என்கிறது உண்மையில் ஒரு துண்டுதான். லினக்ஸில் எஸ்டிஏ என்றால் முழு வட்டு, எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று கடைசியில் இலக்கம் வந்தால் அதன் துண்டுகள். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க நான் காணியைத்தான் பிடிப்பேன். வட்டு முழுக்காணி, வேலி போட்டுப் பிரித்தது துண்டு, எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைத்திருக்கும் பிரிப்பு அட்டவணைதான் காணி உறுதி. உறுதி கிழிந்தாலும் மண் அங்கேயே கிடக்கும், அதனால்தான் அட்டவணை மட்டும் அழிந்தால் தரவை மீட்க வழியுண்டு, ஆனால் மேலே புதிதாக வீடு கட்டிவிட்டால் (மருமகன் செய்தது அதுதான்) கதை வேறு.

மவுண்ட் என்பதைப் பலர் "ஏற்று" என்று எழுதுகிறார்கள். கேர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) மொடியூலை, அதாவது அதோடு சேரும் கூடுதல் பகுதியைப் போடுவதும் ஏற்று, இணையத்தில் கோப்பைப் போடுவதும் பதிவேற்று, பிறகு இதுவும் ஏற்று என்றால் வாசிக்கிறவர் என்ன செய்வார்? அதே காணியில் படலை வைப்பதுதான் மவுண்ட். துண்டு ஏற்கனவே இருக்கிறது, உள்ளே போக ஓர் அடைவை (போல்டரை) வாசலாக வைக்கிறோம், அவ்வளவுதான். நான் "மவுண்ட் பண்ணு" என்றே எழுதி, முதல்தரம் வரும் இடத்தில் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுவேன். நல்ல தமிழ் இல்லையே என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

ரூற் இன்னும் மோசம், அது மூன்று பொருள். எல்லா அதிகாரமும் உள்ள பயனர் ஒன்று, ஒற்றைச் சாய்கோட்டால் குறிக்கும் உச்சி அடைவு ஒன்று, அந்தப் பயனரின் சொந்த வீட்டு அடைவு ஒன்று. எல்லாவற்றையும் "வேர்" ஆக்காமல் ரூற் பயனர், மூல அடைவு, ரூற் பயனரின் வீட்டு அடைவு என்று ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

சில இடத்தில் மூலமே தெளிவாக இருக்கும், நாங்கள்தான் கெடுப்போம். கடவுச்சொல் மாற்றும் கட்டளைக்கும் பயனர் விபரம் இருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர், ஆனால் மான் பக்கத்தில் (லினக்ஸோடு வரும் கையேட்டுப் பக்கம்) பெயருக்குப் பின்னால் (1) என்றால் கட்டளை, (5) என்றால் கோப்பின் அமைப்பு. மொழிபெயர்க்கும்போது அந்த இலக்கத்தை அலங்காரம் என்று நினைத்து வெட்டாதீர்கள்.

டெபியனில் "நிலையான" பதிப்பு என்றதும் ஒருநாளும் முறியாதது என்றுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். மென்பொருள் பொதிகளின் பதிப்புகள் பெரும்பாலும் மாறாமல் நிற்கும், பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைதிருத்தமும்தான் வரும் என்பதே அதன் பொருள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பு ஏன் பழைய மென்பொருளையே தருகிறது என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

கணினியின் தூக்கத்தையும் சொல்லவேண்டும். 2022இல் இங்கே இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வகைத் தூக்கத்தில் வேலை முழுக்க ரம்மில் (கரண்ட் இருக்கும்வரைதான் வைத்திருக்கும் நினைவகம்) நிற்கும், மேசைக்கணினியில் கரண்ட் போனால் சேமிக்காதது எல்லாம் போச்சு. மற்றது வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. இரண்டையும் "உறக்கம்" என்று எழுதினால் ஒருவரின் ஒப்படை போய்விடும். "தூக்கம், கரண்ட் வேண்டும்", "வட்டில் எழுதி அணைத்தல்" என்றே நான் பிரிக்கிறேன்.

பாடப்புத்தகச் சொல்லையும் கவனியுங்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குப் பணிசெயல் முறைமை, தமிழ்நாட்டில் எழுதியதை வாசிப்பவருக்கு இயங்குதளம். ஒன்றைத் தெரிந்து, மற்றதை ஒரேயொருதரம் பக்கத்தில் சொல்லிவிட்டு, பிறகு மாறவே மாறாதீர்கள். திரையில் தெரியும் பொத்தானின் பெயரை மட்டும் அது எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும் அப்படியே எழுதவேண்டும், ஆள் அதைத்தான் தேடுவார்.

எழுதி முடித்ததும் ஒருவரைக் கணினிக்கு முன்னால் இருத்தி, குறிப்பைக் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லக்கூடாது. "உதென்ன?" என்று அவர் கேட்கும் இடத்தில் புள்ளடி போடுங்கள், அங்கே ஒரு வரி குறைகிறது.

குழப்பம் ஆங்கில மூலத்திலேயே இருந்தால் தமிழில் மட்டும் ஒட்டுப்போடாமல் மூலத்துக்கும் பிழை அறிக்கை அனுப்புங்கள். டெபியனுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். "விளங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த வரி, வாசித்தவர் அதை என்னவென்று எடுத்தார், நீங்கள் சொல்லும் மாற்று வரி, மூன்றையும் எழுதுங்கள்.