கேட்கத் தெரிந்தது, பதில்தான் புரியவில்லை

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. 'டஸ் திஸ் பஸ் கோ டு ஈஸ்ட் ஹாம்?' என்று கேட்டுவிடுவேன். டிரைவர் படபடவென்று சொல்லும் பதில்தான் பிடிபடாது.

அதனால் மாப்பிள்ளையும் நானும் பதில்களை மட்டும் பழகினோம். அவர் வேகமாகச் சொல்வார்: 'அதர் சைட் ஆஃப் த ரோட்', 'சேஞ்ச் அட் வெஸ்ட் ஹாம்' (வெஸ்ட் ஹாமில் இறங்கி வண்டி மாறுங்கள்). நான் அதையே கேள்வியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்: 'சோ, ஐ சேஞ்ச் அட் வெஸ்ட் ஹாம்?' கைகொடுத்தது இதுதான். தப்பாகக் காதில் விழுந்திருந்தால் எதிரே இருப்பவரே திருத்திவிடுவார், அதுவும் நிதானமாக.

அறிவிப்புகளையும் சேர்த்துக்கொண்டோம். 'த டெஸ்டினேஷன் ஆஃப் திஸ் பஸ் ஹேஸ் சேஞ்ச்ட்' என்று ஒலித்தால், அதாவது பஸ் போய்ச்சேரும் இடம் மாறிவிட்டது என்றால், உஷாராக வேண்டும். பஸ் பாதியிலேயே நின்றுவிடலாம்.

நடைமுறை தெரிந்தால் பல பேச்சு தேவையே இல்லை. அங்கே பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது பயண கார்டையோ வங்கி கார்டையோ அங்குள்ள கருவியில் தொட்டால் போதும். சுரங்க ரயிலில் வெளியேறும்போதும் தொட வேண்டும். வெளியூர் ரயில்களுக்கான டிக்கெட் கவுன்ட்டரில் 'சிங்கிள் ஆர் ரிட்டர்ன்?' என்பார்கள், போக மட்டுமா, திரும்பி வரவுமா என்று அர்த்தம். அப்புறம், 'ப்ளீஸ்' இல்லாமல் எதையும் கேட்காதீர்கள். இலக்கணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.