"புரிஞ்சுதா?" என்று கேட்பதற்குப் பதில் மூன்று அட்டைகள்

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள். யாருக்குப் புரியவில்லை என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் நமக்குத் தெரியும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூருக்கும் இதே அனுபவம்தான். சூத்திரம் போட்டுக் கணக்கை முடித்துவிடும் மாணவர்கள் அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் தன் பேச்சைக் குறைத்து, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டார். அதையே செல்போன், புரொஜெக்டர் இல்லாமல் தசம எண் பாடத்தில் செய்து பார்ப்போம்.

படி 1: சார்ட் பேப்பரை வெட்டி, ஆளுக்கு மூன்று அட்டைகள். அ, ஆ, இ என்று பெரிதாக எழுதுங்கள். எழுத்துக்கு ஒரு நிறம் என்றால் எண்ணுவது சுலபம்.

படி 2: கேள்வி. முக்கால்வாசி உழைப்பு இதில்தான். தவறான விடை ஒவ்வொன்றும் பிள்ளைகள் உண்மையிலேயே செய்கிற தவறிலிருந்து வர வேண்டும்.

எது பெரியது? அ) 0.3 ஆ) 0.45 இ) 0.135

"இ" என்பவர் புள்ளியை மறந்து 135-ஐப் பார்க்கிறார். "அ" என்பவர் பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்பதைப் பிடித்துக்கொண்டு, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று முடிவுகட்டிவிட்டார். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

படி 3: ஒரு நிமிடம் தனியாக யோசிக்கட்டும். பேச்சு கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நான் கையைத் தூக்கச் சொன்னேன். அத்தனை பேரும் முன்பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பெண்ணைப் பார்த்துத்தான் தூக்கினார்கள்!

படி 4: எண்ணுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். முகமும் காட்டிக்கொடுக்கக் கூடாது. நாற்பது பேரில் 12-க்கும் குறைவாகச் சரி என்றால் திரும்ப நடத்துங்கள். 28-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். நடுவில் இருந்தால்தான் அடுத்த படி.

படி 5: "வேற அட்டை காட்டினவங்களைத் தேடி உன் காரணத்தைச் சொல்லு." மூன்று நிமிடம். சந்தைக் கடை மாதிரி இரைச்சல் வரும், வரட்டும். நீங்கள் நடுவில் நடந்து காது கொடுங்கள்.

"135தான்டா பெரிசு."

"டேய், 0.3 மீட்டர்னா நம்ம ஸ்கேல் நீளம். 0.135 மீட்டர் அதுல பாதிகூட வராது."

நான் வருடக்கணக்காகக் காசு, பைசா என்றுதான் விளக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைகள் பைசாவைப் பார்த்ததே இல்லை. ஸ்கேல் அவர்கள் கையிலேயே இருந்தது.

படி 6: மறுபடி கண்ணை மூடி அட்டை. இப்போது விடையைச் சொல்லுங்கள். மாற்றிக்கொண்ட ஒருவரை, ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "ரெண்டு இலக்கம் இருந்தா அதான் பெரிசு" என்று புதிதாக ஒரு விதியை யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அதற்காக மறுநாள் இதைக் கேளுங்கள்: அ) 0.2 ஆ) 0.07 இ) 0.318. இரண்டு நாளும் சரியாகக் காட்டியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.