சர்ச்சில் தோற்ற 1908 மான்செஸ்டர்: பழைய பிரிட்டிஷ் இடைத்தேர்தல் முடிவை எப்படிப் படிப்பது?

நூறு வருஷத்துக்கு முந்தைய இடைத்தேர்தல் முடிவு ஒன்று கையில் கிடைத்தால் உடனே யார் ஜெயித்தது என்று பார்க்காதீர்கள், அந்தத் தேர்தல் ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதியில் 1908 ஏப்ரல் 24 அன்று நடந்த இடைத்தேர்தலையே எடுத்துக்கொள்வோம். யாரும் சாகவில்லை, சண்டை போட்டுக்கொண்டு ராஜினாமா செய்யவும் இல்லை. லிபரல் கட்சியின் அஸ்குவித் பிரதமரானதும், அன்று அதே கட்சியில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலை வர்த்தகத் துறைக்குத் தலைவராக்கி அமைச்சரவையில் சேர்த்தார். அன்றைய சட்டப்படி அப்படிப் பதவி ஏற்கிறவர் எம்.பி. இடத்தைத் துறந்து மறுபடி மக்களிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வந்த இந்த விதி முழுசாகப் போனது 1926இல்தான். இது தெரியாவிட்டால் பல இடைத்தேர்தல்கள் காரணமே இல்லாமல் நடந்த மாதிரித் தோன்றும்.

அடுத்தது, ஓட்டு யாருக்கு இருந்தது என்பது. பெண்களுக்குக் கிடையாது, ஆண்களிலும் எல்லோருக்கும் கிடையாது. ஆனால் நகரத்தில் கடையோ அலுவலகமோ வைத்திருந்த வியாபாரி, வீடு வேறு தொகுதியில் இருந்தாலும், இங்கேயும் ஓட்டுப் போடலாம். பருத்தி வணிகர்கள் நிறைந்த இந்தத் தொகுதியில் இதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகப் போகும்.

இப்போது எண்களுக்கு வருவோம். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 5,417, சர்ச்சில் 4,988, சோஷலிஸ்ட் டான் இர்விங் 276. வித்தியாசம் 429. இர்விங் ஓட்டைப் பிரித்ததால்தான் சர்ச்சில் தோற்றார் என்று யாராவது சொன்னால், அந்த 276ஐயும் அப்படியே சர்ச்சில் பக்கம் போட்டுப் பாருங்கள், 5,264 வரும், அப்போதும் 153 குறைகிறது. இந்தச் சின்னக் கூட்டலைச் செய்யாமல் மூன்றாவது வேட்பாளர் மேல் பழி போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் முந்தைய தேர்தலோடு ஒப்பிடுங்கள். 1906இல் இதே இரண்டு பேர்தான் மோதினார்கள், சர்ச்சில் 1,241 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆள் மாறாத இந்த மாதிரி ஒப்பீடு கிடைப்பதே அபூர்வம், அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்தத் தொகுதியைச் சொல்கிறேன்.

ஆனால் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துக்குப் போனால் இந்த வழி செல்லாது. மான்செஸ்டரில் தோற்ற சர்ச்சில் மே 9 அன்று அங்கே நின்று 7,079 ஓட்டு வாங்கி ஜெயித்தார். டண்டி இரண்டு எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதி, பொதுத்தேர்தலில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு, இடைத்தேர்தலில் ஒன்றுதான், ஆகவே 1906 எண்களோடு நேரடியாக ஒப்பிட்டால் லிபரல்கள் சரிந்தார்களா வளர்ந்தார்களா என்று ஒன்றும் புலப்படாது. அங்கே 655 ஓட்டு வாங்கிக் கடைசியில் வந்த மதுவிலக்குக்காரர் ஸ்கிரிம்ஜரையும் குறித்து வையுங்கள். டெபாசிட் என்ற ஒன்றே அப்போது இல்லை, அதனால் இப்படிப்பட்டவர்கள் துணிந்து நிற்க முடிந்தது. 1922இல் இதே டண்டியில் சர்ச்சில் தோற்றபோது ஜெயித்தவர்களில் ஒருவர் அவர்தான்.

பட்டியலில் பெயர் வராதவர்களையும் தேட வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மதுக்கடைகளில் பெண்கள் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் லிபரல் அரசின் மசோதாவை எதிர்த்து ஈவா கோர்-பூத் மான்செஸ்டரில் பிரசாரம் செய்தார், அவருடைய அக்கா கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். இரண்டு பேருக்கும் ஓட்டு இல்லை. இந்த மாதிரி விஷயங்களுக்கு அன்றைய செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும், ஒன்றோடு நிறுத்தாதீர்கள், மான்செஸ்டர் கார்டியன் லிபரல் பக்கம் நின்ற பத்திரிகை, எதிர்த்தரப்பு ஏடு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கடைசியாக அடுத்த பொதுத்தேர்தலையும் ஒரு பார்வை பாருங்கள். 1910 ஜனவரியில் ஜார்ஜ் கெம்ப் இந்த இடத்தை லிபரல்களுக்கு மீட்டுக் கொடுத்துவிட்டார்.