வீட்டையும் கதையையும் சேர்த்து நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் இருப்பவர்களுக்குக் கரண்டு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. சில மணி நேரம் இருக்கும், அப்புறம் சில மணி நேரம் இருக்காது, சில நாள் அந்தக் கணக்கும் மாறிப்போகும். ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கே எழுந்து மோட்டார் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இருக்காது. எங்கள் வீட்டுத் தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகும். அந்த 25 நிமிடமும் கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதி எழுதித்தான் என் குறுநாவலின் முதல் பாதியை முடித்தேன். தொட்டி நிரம்பினால் மேலே இருக்கிற குழாயிலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் பேனாவை மூடிவிட்டுப் போய் மோட்டாரை நிறுத்திவிடுவேன். மறுநாள் அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்த்ததுமே கை தானாக எழுத ஆரம்பித்துவிடும்.

அதற்கு முன்னால் 6 வருடம் நான் ஒரு கதைகூட முடிக்கவில்லை. அந்த 6 வருடமும் ராத்திரி கரண்டு வந்துகொண்டுதான் இருந்தது, தொட்டியும் நிறைந்துகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதை எழுதுகிற நாங்கள் நாலு பேர் ஒரு தோழியின் வீட்டில் கூடுவோம். ஒருவர் மட்டும் மோல்மேனிலிருந்து போனில் பேசுவார். ஒவ்வொருவரும் முதலில் அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், அப்புறம் கதை எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. இப்படி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுக்கேட்டுத்தான் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற சில தவறுகள் எனக்குப் புரிந்தன. வீட்டில் இருந்துகொண்டு கதை எழுதுகிற யாருக்காவது இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் தவறு, பெரிய நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது. எங்கள் ஊரில் இதற்குத் திஞ்ஜான் என்று பெயர் வைத்துவிடலாம். திஞ்ஜான் என்பது ஏப்ரலில் வருகிற பர்மியத் தண்ணீர்த் திருவிழா. அதற்கு நாள்கணக்கில் லீவு வரும், சித்திரைப் பிறப்பும் அதையொட்டியே வரும், அந்த லீவில் நாவலை ஆரம்பித்துவிடுவேன் என்று ஜனவரியிலேயே சொல்லிக்கொள்வோம். ஆனால் லீவு நமக்கு வந்தால் ஊருக்கெல்லாம் வருகிறது. வீடு முழுக்க விருந்தாளி, நனைந்த துணி, மூன்று வேளையும் அடுப்பு. வருடத்திலேயே எழுதுவதற்குக் கொஞ்சமும் தோதில்லாத வாரம் அதுதான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வேலைகளுக்குள் கை சும்மா இருக்கிற இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சோறு வேகும் நேரம், டியூஷன் வாசலில் காத்திருக்கிற நேரம், பஸ்ஸில் போகிற நேரம். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

இன்னொருவருடைய அட்டவணையை அப்படியே எடுத்து வந்து நம் வீட்டில் ஒட்டிக்கொள்வதும் இதோடு சேர்ந்த தவறுதான். அந்தோணி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல். விடியற்காலை 5.30க்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்கு வைத்து எழுதினார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவரை எழுப்பி விடுவதற்கென்று ஒரு வேலையாள் இருந்தார், அதற்காக வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தேன், ஒரு நாள்கூட அவர் காபி கொண்டுவரத் தாமதித்ததில்லை என்று டிராலப்பே தன் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார். யாருடைய அட்டவணையை எடுத்துக்கொண்டாலும் அவருக்கு யார் காபி போட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 5.30க்கு எங்கள் வீட்டில் காபி போடுகிறது நான்தான், அதனால் அந்த நேரம் எனக்கு ஆகாது.

வார்த்தை எண்ணிக்கையை மட்டும் முன்னேற்றம் என்று நினைப்பது அடுத்த தவறு. போன வருடம் மழைக்காலத்தில் என் சின்ன மகனுக்கு டெங்கு வந்தது. 12 நாள் ஒரு வரியும் எழுதவில்லை, அந்த ஞாயிறு பேச வாய் திறந்ததும் அழுகை வந்துவிட்டது, என் கதை செத்துப்போச்சு என்று சொன்னேன். எங்களில் மூத்தவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், இந்த 12 நாளில் உன் கதையில் வருகிற அந்தப் பையனைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லையா என்று. நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மகன் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளியபோது, கதையில் வருகிற பையன் இப்படித் தள்ளமாட்டானே, அம்மாவுக்காக விழுங்கிவிட்டு அப்புறம் போய் வாந்தி எடுப்பானே என்று தோன்றியது. அது வரைக்கும் அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று எனக்குப் பிடிபடாமலே இருந்தது. ஆக, அந்த 12 நாளில் கதை நகர்ந்திருக்கிறது, நான்தான் எழுதி வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சுவரில் மாட்டுகிற சாதாரணக் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மேலே வீட்டு விஷயம் ஒரு வரி, கீழே கதை விஷயம் ஒரு வரி. மேலே 'அரிசி மூட்டை வந்தது, அத்தைக்குக் கால் வலி' என்று இருக்கும், கீழே 'தங்கச்சிக்குப் பெயர் வைத்தாயிற்று' என்று இருக்கும். கீழே ஒன்றுமே எழுத முடியாத நாளை வெறுமையாக விட்டுவிடுவேன், பொய்யாக நிரப்பமாட்டேன். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டில் எது நடந்தால் கதை நிற்கிறது, எது நடந்தால் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். என் விஷயத்தில் பிள்ளைகளின் பரீட்சை கதையை நிறுத்தவே இல்லை, விருந்தாளிகள்தான் நிறுத்தினார்கள். இது தெரியாமல் வருடக்கணக்காகப் பரீட்சையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம் பிள்ளைகள்.

எழுதுவதை வீட்டில் மறைத்து வைப்பதைப் பெண்கள் நிறையவே செய்கிறோம். கேட்டால் சும்மா கணக்கு எழுதுகிறேன் என்போம். மறைத்துச் செய்கிற வேலையை யாரும் மதித்து வழிவிட முடியாது, அவர்களுக்குத்தான் தெரியாதே. நான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், நான் ஒரு கதை எழுதுகிறேன், சாயங்காலம் 7லிருந்து 7.30 வரை என்னைக் கூப்பிட வேண்டாம், ரத்தம் வந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, இதைச் சொல்லவா இவ்வளவு நாள் என்றார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, தெரியும். எங்களில் ஒருவருக்கு வீட்டில் சொன்ன பிறகு தொந்தரவு கூடத்தான் செய்தது, அவர் இப்போது தோழி வீட்டுக்கு வந்து எழுதுகிறார். ஆனாலும் சொல்லிப் பார்க்காமலே முடியாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

வீட்டில் சொல்வது வேறு, வீட்டாரையே முதல் வாசகராக உட்கார வைப்பது வேறு. அது வேண்டாம். அவர்கள் நல்லாயிருக்கு என்பார்கள், நமக்கு அது போதாது, முகத்தைப் பார்ப்போம், அப்புறம் சண்டை வரும். கதையைப் படிக்கக் கதை எழுதுகிறவர்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சொந்தக்காரர்களின் வாழ்க்கையைக் கேட்காமல் எடுத்துக் கதையில் வைப்பது.

பர்மாவில் நம் குடும்பங்களில் கதைக்குப் பஞ்சமே இல்லை. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. என் பெரியம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். பெரியப்பாவுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் 100 கியாட் நோட்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். கொண்டுபோய் மாற்றலாம் என்றால் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும், கடையும் போய் மனுஷர் உடைந்து கிடக்கிற நேரம். ஒரு நாள் விடியற்காலை அத்தனை நோட்டையும் அடுப்பில் வைத்து, அந்த நெருப்பிலேயே கஞ்சி காய்ச்சினார். என் அம்மா இறந்த ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னார். நான் ஒரு எழுத்து மாற்றாமல் கதையாக எழுதினேன், ஒரு மலரில் வந்தது, பாராட்டும் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா தனியாக வீட்டுக்கு வந்தார். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். டீயைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல கண்ணு. ஆனா அது உங்க பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாது."

பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற மனிதர். அந்த மலர் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா என்னவெல்லாம் செய்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது. உயிரோடு இருக்கிறவர் சொன்ன விஷயம் என்றால் முதலில் கேட்கிறேன். எழுதலாம் என்று சொன்னால்கூட ஆளை மாற்றுகிறேன், ஊரை மாற்றுகிறேன், ஒளித்து வைத்த பொருளை மாற்றுகிறேன். அந்தக் கதையையும் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். இப்போது அதில் வருவது பெகுவில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு ஆண், பணம் தலையணைக்குள் இருக்கிறது. இப்படி மாற்றியபோதுதான் அவன் எதற்காக மறைத்தான் என்ற கேள்வி எனக்கு வந்தது. முதல் தடவை எழுதும்போது பெரியம்மா சொன்னதே காரணம் என்று விட்டுவிட்டேன், இரண்டாவது தடவை நானே காரணத்தைத் தேட வேண்டியிருந்தது, கதையும் அதனால் ஆழமாக வந்தது. மாற்றினால் உண்மை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள்.

பேச்சு மொழியிலும் ஒரு தவறு செய்கிறோம். சென்னை சீரியலில் பேசுவதுபோல உரையாடல் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. என் பெரிய மகனைச் சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டால் 'சாபீபீ' என்று பர்மிய மொழியில் பதில் சொல்வான், சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். அத்தை தமிழிலேயே திட்டுவார், அவன் பர்மிய மொழியிலேயே சமாதானம் சொல்வான், இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் புரியும். இந்த வீட்டைக் கதையில் வைக்கும்போது எதற்கு அவனைச் சுத்தத் தமிழ் பேச வைக்க வேண்டும்? மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ், தனக்கா என்கிற முகப்பூச்சு என்று பர்மிய வார்த்தைகள் வந்தால் வரட்டும், பக்கத்து வரியே அர்த்தத்தைச் சொல்லிவிடும். கதையை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு நாள் சாப்பாட்டு நேரப் பேச்சை ஐந்து நிமிடம் அப்படியே எழுதிப் பார்த்தால், யார் எந்த இடத்தில் மொழி மாறுகிறார்கள் என்று தெரியும். கோபம் வந்தால் என் மகன் தமிழுக்கு வருகிறான், இதை எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

போனில் மட்டும் எழுதி வைப்பதும் தவறு. எனக்கு ஒரு போன் செத்து 3 அத்தியாயம் போனது. எழுதி முடித்ததும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை.

கை ஓயாமல் வேலை இருக்கிறவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யலாம். அது எழுத்தே இல்லை என்று தயங்குகிறவர்கள் வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையிலேயே கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவர், தன் முதல் நாடகத்தைத் தான் சொல்லச்சொல்லத் தோழியை எழுத வைத்தார். அப்புறம் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதினார். மீனைக் கழுவிக்கொண்டே ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கலாம், நான் செய்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, வீட்டுப் பெரியவர்களிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது. யுத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் கஷ்டம்தான் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன தூக்கிக்கொண்டு போனார்கள், முதல் நாள் ராத்திரி எதில் சமைத்தார்கள், கைக்குழந்தையை யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் அத்தையின் அம்மா எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கென்று கிளம்பிப் பாதியில் திரும்பியவர். அவர் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்த ஒரு பித்தளைச் சட்டி இன்னும் எங்கள் சமையலறைப் பரணில் இருக்கிறது. அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். எப்படி நசுங்கியது என்று நான் இதுவரை கேட்டதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் சட்டியை இறக்கித் துடைத்து அத்தை மடியில் வைத்துக் கேட்கப்போகிறேன்.