அமெரிக்க காலேஜ் பிளேஸ்மென்ட் டெஸ்ட்: டெக்சாஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு ஏ டு இசட்

என் பையனுக்கு பிளேஸ்மென்ட் டெஸ்ட் இருக்குன்னு போன்ல சொன்னதும் மதுரைல இருக்கற எங்க அத்தை, "இன்னும் காலேஜுக்கே போகல, அதுக்குள்ள எந்த கம்பெனிடா வருது"ன்னு கேட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நம்ம ஊர்ல பிளேஸ்மென்ட்னா வேலைதான். இங்க அமெரிக்கால அது வேற. அட்மிஷன் கிடைச்ச அப்புறம் எந்த கணக்கு கிளாஸ்ல, எந்த இங்கிலீஷ் கிளாஸ்ல உக்கார வைக்கறதுன்னு பாக்கறதுக்கு ஒரு டெஸ்ட். இதுல மார்க் குறைஞ்சா சீட்டு போகாது, அதனாலயே பசங்க படிக்காம போறாங்க. சீட்டு போகாதுதான், ஆனா காசு போகும். டெவலப்மென்டல் கிளாஸ்ல, அதாவது அடிப்படைய மறுபடி சொல்லிக் கொடுக்கற கிளாஸ்ல போட்டா அதுக்கும் ஃபீஸ் கட்டணும், ஆனா டிகிரி கணக்குல அந்த கிரெடிட் சேராது.

நாங்க டெக்சாஸ்ல இருக்கோம், அதனால இங்க நடக்கறத வச்சுதான் சொல்றேன். இங்க அரசு காலேஜ்கள்ல எழுதற பிளேஸ்மென்ட் டெஸ்ட் பேரு டிஎஸ்ஐஏ2, சுருக்கமா டிஎஸ்ஐன்னு சொல்வாங்க, 2021 ஜனவரில பழைய டெஸ்ட எடுத்துட்டு இத கொண்டு வந்தாங்க.

ஸ்டெப் 1: எழுதணுமான்னே முதல்ல பாருங்க

காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி டெஸ்ட்ல கணக்குல 530, இங்கிலீஷ் பக்கம் 480 வாங்கியிருந்தா அந்தந்த பகுதிக்கு டிஎஸ்ஐ எழுத வேண்டாம். ஒண்ணுல மட்டும் இருந்தா மிச்சம் இருக்கற ஒண்ண மட்டும் எழுதினா போதும். ஸ்கோர் ரிப்போர்ட் காலேஜுக்கு போய் சேர்ந்துச்சான்னு போன் போட்டு கேளுங்க, "அனுப்பிட்டேன்மா"ன்னு பையன் சொன்னத நம்பி நான் ஒரு மாசம் சும்மா இருந்தேன்.

வேற ஸ்டேட்ல இருந்தா கதை மாறும். பல காலேஜ்ல அக்யுபிளேசர்னு வேற ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைப்பாங்க, அதுல ஸ்கோர் 200ல ஆரம்பிச்சு 300 வரைக்கும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள்ல 2017ல போட்ட ஏபி 705 சட்டத்துக்கு அப்புறம் ஹைஸ்கூல் மார்க்க வச்சே கிளாஸ் போடறாங்க. காம்பஸ்னு ஒரு டெஸ்ட் பேர யாராவது சொன்னா விட்டுடுங்க, அது 2016லயே நின்னு போச்சு.

ஸ்டெப் 2: ப்ரீ அசெஸ்மென்ட் முடிங்க

டெஸ்டுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு ப்ரீ அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டி முடிக்கணும், இல்லேன்னா டெஸ்ட் எழுத விட மாட்டாங்க. பசங்க நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டு போயிடுவாங்க. அதுலயே சாம்பிள் கேள்வி இருக்கு, அத பாக்க வைங்க.

ஸ்டெப் 3: ரெண்டு வாரம் படிங்க, ஆனா மறந்து போனத படிங்க

பெரிய கணக்குல இங்க யாரும் மாட்ட மாட்டாங்க. என் பையன் பதினொண்ணாவதுல கால்குலஸ் முடிச்சவன், பன்னெண்டாவதுல கணக்கே எடுக்கல, சம்மர் முழுக்க பீட்சா கடைல வேலை, பின்னத்தை கையால கூட்டறதே மறந்து போச்சு. கேள்வி எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும் (இது நானே போட்டது): அஞ்சு டெஸ்ட்ல ஆவரேஜ் 80 வரணும், நாலுல 78, 85, 74, 88 வாங்கியாச்சு, அஞ்சாவதுல எவ்வளவு வேணும்? மொத்தம் 400 வேணும், கைல 325 இருக்கு, அப்போ 75. உக்காந்து யோசிச்சா சுலபம், அவசரத்துல போனா கோட்டை விட்டுடுவோம். சொந்த கால்குலேட்டர் கொண்டு போக முடியாது, சில கேள்விக்கு மட்டும் ஸ்கிரீன்லயே ஒண்ணு வரும். அதனால கையால போட்டு பழகுங்க. இந்த டெஸ்ட நடத்தற காலேஜ் போர்டே இலவசமா ப்ராக்டிஸ் டெஸ்ட் வச்சிருக்கு, காசு கொடுத்து புக் வாங்கறதுக்கு முன்னாடி அத முடிங்க.

ஸ்டெப் 4: டெஸ்ட் அன்னிக்கு (இத ரெண்டு தடவை படிங்க)

ஃபோட்டோ ஐடி மறக்காதீங்க. டைம் லிமிட் கிடையாது. ஒரு கேள்விக்கு பதில் போட்டு அடுத்ததுக்கு போயிட்டா திரும்பி வர முடியாது, பதில் போடாம தாண்டவும் முடியாது, நீங்க போடற பதில பொறுத்து அடுத்த கேள்வி கஷ்டமாவோ சுலபமாவோ வரும்.

எங்க வீட்ல நடந்தத சொல்றேன். கணக்குல முதல்ல 20 கேள்வி, ஸ்கோர் 910ல இருந்து 990 வரைக்கும், 950 வந்தா பாஸ். அவன் 20 முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு பாத்தா ஸ்கிரீன்ல மறுபடி கேள்வி வருது, ஒண்ணு ரெண்டு இல்ல, 48. இதுதான் டயக்னாஸ்டிக், அதாவது எதுல வீக்குன்னு பாக்கற பகுதி, 950 வரலேன்னா தானா ஆரம்பிக்கும். போச்சுடா ஃபெயில்னு நினைச்சு, மதியம் சாப்பாடு வேற ஆறுதுன்னு 48க்கும் பி, சி, பின்னு தட்டிட்டு வெளிய வந்துட்டான். அந்த 48 தண்டனையே இல்லங்க, ரெண்டாவது சான்ஸ், அதுல லெவல் 6 வாங்கினா அதுவும் பாஸ்தான்! இத எங்களுக்கு யாரும் சொல்லல, கவுன்சிலர் ரிசல்ட காட்டறப்பதான் சொன்னாங்க. நான் அங்கயே தலைல அடிச்சுக்கிட்டேன்.

இங்கிலீஷ்ல 30 கேள்வி, கூடவே ஒரு கட்டுரை. 945 வேணும், கட்டுரைல 8க்கு 5 வேணும். கட்டுரைய கம்ப்யூட்டரே திருத்தும், அதனால ஸ்டைல் எல்லாம் காட்டாம ஒரு கருத்த சொல்லி ரெண்டு மூணு காரணத்தோட முடிங்க. பல காலேஜ்ல கணக்கும் இங்கிலீஷும் தனித்தனி நாள்ல எழுத விடுவாங்க, கேட்டு வாங்கிக்கோங்க.

இன்ஜினியரிங் பக்கம் போறவங்களுக்கு சில யுனிவர்சிட்டில அலெக்ஸ்னு தனி கணக்கு டெஸ்ட் இருக்கும், 30 கேள்விக்குள்ள முடிஞ்சிடும், 100க்கு ஸ்கோர். வீட்ல இருந்து எழுதறப்ப அப்பா பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கற கூத்தெல்லாம் நடக்குது. வேண்டாம்ங்க, அந்த ஸ்கோர வச்சு கால்குலஸ் கிளாஸ்ல உக்காரப் போறது அப்பா இல்ல.

ஸ்டெப் 5: ஸ்கோர் வந்த அப்புறம்

குறைஞ்சா அட்வைசர்கிட்ட ரெண்டு கேளுங்க. ஒண்ணு, மறுபடி எழுதலாமா, எவ்வளவு ஃபீஸ். ரெண்டு, கோரெக்விசிட் இருக்கா, அதாவது கிரெடிட் கிடைக்கற ரெகுலர் கிளாஸ்லயே உக்கார வச்சு பக்கத்துலயே ஒரு சப்போர்ட் கிளாஸும் போடறது. கிரெடிட்டே இல்லாம ஒரு செமஸ்டர் ஓட்டறத விட இது எவ்வளவோ மேல். ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது மார்க் லிஸ்டையும் கொண்டு போங்க. கொலம்பியா யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் ஜூடித் ஸ்காட் கிளேட்டன் 2012ல பாத்தப்போ இந்த மாதிரி டெஸ்டால கணக்குல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர், இங்கிலீஷ்ல மூணுல ஒருத்தர் ரொம்பவே தப்பான கிளாஸ்ல போயிருந்தாங்க, அதனால ஸ்கோர் ஒண்ணையே பிடிச்சு தொங்க வேண்டியதில்ல.

என் பையன் மூணு வாரம் படிச்சுட்டு திரும்ப எழுதினான், 20லயே முடிஞ்சுது, 48 வரவே இல்ல. வெளிய வந்து முதல்ல கேட்டது, "அம்மா, சாப்பாடு சூடா இருக்கா?"