வீட்டு சானா, மசாஜ் நாற்காலி: அமெரிக்க வரிக்கணக்கில் மருத்துவச் செலவாகுமா?

இங்கே அமெரிக்காவில் என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு இன்ஃப்ராரெட் சானா (உடலைச் சூடாக்கி வியர்க்க வைக்கும் சிற்றறை) வாங்கக் கிளம்பினார். விற்பவர்களின் இணையதளத்தில் ஐந்தாறு கேள்விகள். 'முதுகுவலி உண்டா?' உண்டு என்று தட்டினார். கொஞ்ச நேரத்தில் மருத்துவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது; இதைக் காட்டி எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) பணத்திலேயே வாங்கலாமாம். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அவர் தட்டியதுதான் அதில் திரும்ப எழுதியிருந்தது. அவரை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட கடிதங்களைப் பற்றித்தான் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2024 மார்ச்சில் எச்சரித்தது. புதிதாக வரிக்கணக்கு போடுகிறவர்கள் இதில் ஏமாறக் கூடாது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நோயிலிருந்து தொடங்குங்கள்

கருவியைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். ஒரு நோயைக் குணமாக்க, தணிக்க, தடுக்க என்றே செய்த செலவுதான் கணக்கில் வரும். 'உடம்புக்கு நல்லது' என்பது போதாது. ஐஆர்எஸ்ஸின் பப்ளிகேஷன் 502 என்ற மருத்துவச் செலவுக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சர்க்கரை பார்க்கும் கருவி, சக்கர நாற்காலி போன்றவற்றில் சிக்கலே இல்லை. சானா, மசாஜ் நாற்காலி, டிரெட்மில் எல்லாம் நோய் இல்லாதவர்களும் வாங்குபவை. அங்கேதான் கேள்வி வரும். 'இந்த நோய் இல்லாவிட்டாலும் இதை வாங்கியிருப்பேனா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 2: உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமே கடிதம் வாங்குங்கள்

வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நோயின் பெயர், இந்தக் கருவி அதற்கு எப்படி உதவும், எவ்வளவு காலம் தேவை ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். கடிதம் இருந்தாலே செலவு செல்லும் என்று அர்த்தமில்லை. ஆனால் அது இல்லாமல் வாதாடுவது கஷ்டம்.

படி 3: வீட்டோடு பொருத்தினால் மதிப்பைக் கழியுங்கள்

ஐஆர்எஸ் தரும் உதாரணமே இருக்கிறது. இதய நோயாளி ஒருவர் மருத்துவர் சொல்லி வீட்டில் லிஃப்ட் போடுகிறார். செலவு 8,000 டாலர். அதனால் வீட்டின் மதிப்பு 4,400 டாலர் கூடுகிறது. மீதி 3,600 மட்டுமே மருத்துவச் செலவு. சாய்வுப் பாதை, குளியலறைக் கைப்பிடி போன்றவை பொதுவாக வீட்டின் மதிப்பைக் கூட்டுவதில்லை, முழுச் செலவையும் சேர்க்கலாம்.

படி 4: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். உங்கள் ரிட்டர்னில் ஏஜிஐ (சில கழிவுகள் போக மிஞ்சும் மொத்த வருமானம்) என்று வரும் தொகையில் 7.5 சதவீதத்துக்கு மேல் போன செலவை மட்டுமே வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஏஜிஐ 1,20,000 டாலர் என்றால் முதல் 9,000 டாலருக்குப் பலனில்லை. காப்பீடு கொடுத்தது போக, வீட்டில் எல்லாருக்குமாக 11,000 செலவென்றால் கழிக்க முடிவது 2,000.

அதுவும் ஷெட்யூல் ஏ (கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் படிவம்) போட்டால்தான். 2025க்கு தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்தால், பட்டியல் போடாமலே கழிக்க முடிந்த நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். இந்த மருத்துவக் கழிவோடு வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால் இந்த வழி உங்களுக்குப் பயன்படாது.

அப்புறம், ஊரிலேயே இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் கருவி இதில் சேராது. சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் ஒன்றில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும்.

படி 5: எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ

எஃப்எஸ்ஏ என்பது வேலை தருபவர் வழியாக வைக்கும் இதேபோன்ற கணக்கு. இரண்டிலும் இருப்பது வரி பிடிக்காத பணம் என்பதால் 7.5 சதவீதத் தடை இங்கே இல்லை. ஆனால் படி 1 அப்படியே பொருந்தும். எச்எஸ்ஏவில் பணம் எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆதாரம் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. செலவு செல்லாது என்றானால் அந்தத் தொகைக்கு வருமான வரியும், 65 வயதுக்குக் கீழே இருந்தால் கூடுதலாக 20 சதவீதமும் கட்ட வேண்டும். இப்படி எடுத்த பணத்தை ஷெட்யூல் ஏவிலும் மறுபடி காட்டக் கூடாது.

நண்பர் பிறகு தன் மருத்துவரிடமே போனார். அவர் எழுதித் தந்தது பிசியோதெரபி. அதற்கு எச்எஸ்ஏ பணம் போனது. சானாவைக் கைக்காசில் வாங்கினார்.