சளி பிடித்த பிள்ளைக்கு மூச்சை எண்ணுவது எப்படி

மார்கழிப் பனியில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது வழக்கம்தான். அது வெறும் சளியா, நிமோனியாவா என்று வீட்டிலேயே சந்தேகிக்க உதவுவது நெஞ்சில் கேட்கும் கரகரப்பு அல்ல, மூச்சின் வேகம்.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது எண்ணுங்கள். தூக்கத்தில் என்றால் இன்னும் வசதி. சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் முழுதாக 60 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். கைக்குழந்தை விட்டுவிட்டுத்தான் மூச்சு விடும்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மறுபடி எண்ணியும் 60-ஓ அதற்கு மேலோ வந்தால் நேரே பெரியாஸ்பத்திரிதான்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் இழுக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள், அப்பத்தா கோபித்துக்கொண்டாலும் சரி. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி அழற்சி உண்டாக்கும். மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுக்குமுன் விட்டால் போதும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

நிமோனியா தடுப்பூசி 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.